வால் இல்லாத பூனை!

வீட்டு வாசலில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது.

உருண்டை முகம். பளபளக்கும் கண்கள். விறைப்பான மீசை. மெத்தென்ற உடம்பு.

எல்லாம் சரிதான். ஆனால் பின்பக்கம் பார்த்தால்... வாலைக் காணோம்!

"ஐயோ, பாவம்! வாலை யார் வெட்டினார்கள்?" என்று ஊருக்குப் புதிதாக வந்தவர் கேட்கிறார்.

"யாரும் வெட்டவில்லை. பிறக்கும்போதே இப்படித்தான்" என்று வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்.

இந்தக் கேள்வியும் பதிலும் ஒரு தீவில் அடிக்கடி காதில் விழும். அந்தத் தீவின் பெயர், மான் தீவு.

பெயரில் மான், புகழில் பூனை!

மான் தீவு என்றதும், புள்ளிமான்கள் துள்ளி விளையாடும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம். "மான்" என்பது அந்தத் தீவின் பெயர். நம் ஊர் மானுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தத் தீவுக்கு உலகப் புகழ் தேடிக் கொடுத்தது, வாலில்லாப் பூனைதான்!

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடல் இருக்கிறது. அந்தக் கடலின் மத்தியில் இருக்கிறது, மான் தீவு. பரப்பு 221 சதுர மைல். 2021-ம் ஆண்டு கணக்கெடுத்தபோது, ஜனத்தொகை சுமார் 84 ஆயிரம். தலைநகரம், டக்ளஸ்.

பிரிட்டிஷ் மன்னரே தீவுக்கும் தலைவர். ஆனாலும் தீவுக்குச் சொந்தப் பாராளுமன்றம் உண்டு. சொந்த நாணயம் உண்டு. சொந்தக் கொடியும் உண்டு.

கொடியில் என்ன சின்னம் தெரியுமா? மூன்று கால்கள்! தொடையோடு தொடை சேர்ந்து, சக்கரம் போலச் சுற்றி நிற்கும் மூன்று கால்கள்.

கொடியிலே ஒரு கால் அதிகம். பூனைக்கு வால் குறைவு. விசித்திரமான தீவுதான்!

1970-ம் ஆண்டில் தீவின் அரசாங்கம் ஒரு நாணயம் வெளியிட்டது. அதில் வாலில்லாப் பூனையின் உருவத்தைப் பொறித்தது. 1960-களில் அரசாங்கமே ஒரு பூனைப் பண்ணையும் நடத்தத் தொடங்கியது. இந்த இனம் அழிந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். 1990-களின் தொடக்கத்தில் பண்ணை மூடப்பட்டது.

தீவில் உள்ள எல்லாப் பூனைகளும் வால் இல்லாதவை அல்ல. நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு திரியும் பூனைகளும் அங்கே ஏராளம். ஆனால் மற்ற ஊர்களில் லட்சத்தில் ஒன்றாகப் பேசப்படும் அதிசயம், அங்கே சாதாரணமாக வேலி ஓரத்தில் படுத்துக் கிடக்கும்.

கதவு இடுக்கில் சிக்கிய வால்!

வால் எங்கே போயிற்று? தீவு மக்கள் இதற்குப் பல கதைகள் சொல்வார்கள்.

பைபிளில் ஒரு பெரிய வெள்ளத்தின் கதை வருகிறது. நோவா என்பவர் ஒரு பெரிய கப்பல் கட்டினார். எல்லாப் பிராணிகளையும் ஜோடி ஜோடியாக அதில் ஏற்றினார். மழை கொட்டத் தொடங்கிவிட்டது. எல்லாம் வந்தாகிவிட்டது. பூனையை மட்டும் காணோம்! அது எங்கேயோ எலி பிடித்துக்கொண்டு இருந்ததாம். கடைசி நேரத்தில் ஓடிவந்து உள்ளே பாய்ந்தது. அதே நேரத்தில் நோவா கதவை இழுத்துச் சாத்தினார். பூனை உள்ளே! வால் வெளியே!

அன்று போன வால் இன்னும் திரும்பவில்லை என்பது ஒரு கதை.

இன்னொரு கதை, போர்க் கதை. 1588-ம் ஆண்டில் ஸ்பெயின் மன்னர் இங்கிலாந்தின் மீது பெரிய கப்பல் படையை அனுப்பினார். அந்தப் படையைச் சேர்ந்த ஒரு கப்பல், மான் தீவின் கரையில் மோதி உடைந்ததாம். கப்பலில் இருந்த வாலில்லாப் பூனைகள் நீந்திக் கரை சேர்ந்தனவாம். ஆராய்ச்சியாளர்கள் இதை ஒப்புக்கொள்வது இல்லை.

பழைய காலத்துப் போர்வீரர்கள், தலைக்கவசத்தில் சூடிக்கொள்ளப் பூனை வாலை வெட்டினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. "நம் குட்டிகளுக்கும் இந்தக் கதி வரக் கூடாது" என்று தாய்ப்பூனைகளே, குட்டி பிறந்ததும் வாலைக் கடித்து எறிந்தனவாம்!

பூனைக்கும் முயலுக்கும் பிறந்த கலப்பு இது என்று நம்பியவர்களும் உண்டு. இந்தப் பூனையின் பின்னங்கால்கள், முன்னங்கால்களைவிடச் சற்று நீளம். பின்பக்கம் உருண்டு திரண்டு இருக்கும். ஓடும்போது முயல் தாவுவது போலத் தோன்றும். அதனால் பிறந்த கற்பனை இது. பூனையும் முயலும் சேர்ந்து குட்டி போட முடியாது.

எலி சொன்ன ரகசியம்!

உண்மைக் காரணம் என்ன? அதைக் கண்டுபிடிக்க உதவியது எது தெரியுமா? பூனையின் பரம விரோதியான எலிதான்!

தாய் தந்தையிடம் இருந்து குட்டிகளுக்கு மூக்கும் முழியும் நிறமும் வருகின்றன அல்லவா? இவற்றைத் தீர்மானிப்பவை, உடம்பின் உயிரணுக்களில் இருக்கும் மரபணுக்கள். ஒவ்வொரு மரபணுவும் இரண்டு இரண்டாக இருக்கும். ஒன்று தாய் கொடுத்தது. மற்றொன்று தந்தை கொடுத்தது.

1927-ல் பாரிஸ் நகரில் ஒரு பெண் விஞ்ஞானி, குட்டை வால் எலிகளைப் பற்றி எழுதினார். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பிசகுதான் அந்த எலிகளின் வாலைக் குறைத்துவிட்டது. 2013-ல் ஆராய்ச்சியாளர்கள் மான் தீவுப் பூனைகளைச் சோதித்தார்கள். என்ன ஆச்சரியம்! அதே மரபணுவில்தான் பூனைகளுக்கும் பிசகு இருந்தது.

இந்த மரபணுவின் வேலை, தாயின் வயிற்றில் குட்டி உருவாகும்போது முதுகுப் பகுதியை ஒழுங்காக அமைப்பது. இரண்டில் ஒன்று பழுதானால், முதுகெலும்பின் கடைசிப் பகுதி வளராமல் நின்றுவிடுகிறது. வால் என்பது முதுகெலும்பின் தொடர்ச்சி. சாதாரணப் பூனையின் வாலில் ஏறக்குறைய 20 சிறு எலும்புகள் இருக்கும். வேலை பாதியில் நின்றால், வால் ஏது?

தீவு சிறியது. நாலாபுறமும் கடல். அந்தக் காலத்தில் வெளியிலிருந்து பூனைகள் அதிகமாக வரவில்லை. இருந்த பூனைகளே தங்களுக்குள் கூடிக் குட்டி போட்டன. தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் இந்தப் பிசகு இருந்தாலே போதும். குட்டிகளில் பாதிக்கு அது வந்துவிடும். இப்படித்தான் ஒரு பூனையின் குறை, ஒரு தீவின் பெருமை ஆயிற்று.

ஒரே தாய்க்கு நாலு விதம்!

ஒரே பிரசவத்தில் பிறக்கும் குட்டிகளுக்குக்கூட வால் ஒரே மாதிரி இருப்பது இல்லை. நாலு விதம் உண்டு.

முதல் விதம்: வால் அடியோடு இல்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு குழி. விரலால் தடவினால் தெரியும். அழகுப் போட்டிகளில் இந்த விதத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

இரண்டாம் விதம்: கண்ணுக்கு வால் தெரியாது. முதுகைத் தடவிக் கொடுத்தால் பூனைக்குக் குஷி பிறக்கும். அப்போது ஒரு சின்ன எலும்பு மேலே எழும்பி, கைக்குத் தட்டுப்படும்.

மூன்றாம் விதம்: கட்டை வால். நீளம் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம். சில சமயம் கோணலாகவும் இருக்கும்.

நாலாம் விதம்: ஏறக்குறைய மற்றப் பூனைகளைப் போன்ற வால். பார்ப்பவர்கள் இதை மான் தீவுப் பூனை என்று நம்பவே மாட்டார்கள்!

உடம்பில் இல்லை, குணத்தில் உண்டு!

வால் இல்லாவிட்டால் பூனை எப்படிச் சமாளிக்கும்?

பூனைக்கு வால் வெறும் அலங்காரம் அல்ல. ஒடுங்கிய மதில் மேல் நடக்கும்போது நிதானம் தவறாமல் இருக்க வால் உதவும். கழைக்கூத்தாடி கையில் பிடித்திருக்கும் கம்பு போல!

ஆனால் பிறக்கும்போதே வால் இல்லாத பூனைக்கு, இல்லாத பொருளின் அருமை தெரியாது. அது கால்களாலும் இடுப்பாலும் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. மரம் ஏறும். எலி பிடிக்கும். பலமான பின்னங்கால்களை உந்தி அலமாரியின் உச்சிக்குத் தாவிவிடும்.

பூனை மேலே இருந்து விழுந்தாலும் காலை ஊன்றி இறங்கும் அல்லவா? வாலில்லாப் பூனையும் அப்படித்தான் இறங்கும். விழும்போது முதலில் முன் உடம்பைத் திருப்பும். பிறகு பின் உடம்பைத் திருப்பும். வளைந்து கொடுக்கும் முதுகெலும்புதான் இதற்கு முக்கியம். வால் முக்கியம் அல்ல.

பண்ணைகளிலும் கப்பல்களிலும் எலி பிடிக்க இந்தப் பூனைகளை விரும்பி வைத்துக்கொண்டார்கள். மனிதர்களோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். எஜமானர் பின்னாலேயே நாய்க்குட்டி போலச் சுற்றும். எறிந்த பொருளைக் கவ்விக்கொண்டு வந்து கொடுப்பவையும் உண்டு. தண்ணீர்க் குழாயில் கையை விட்டு விளையாடும். சாத்தி வைத்த கதவைத் தள்ளித் திறக்கும்.

உடம்பில்தான் வால் இல்லை. மற்றபடி சரியான வால்கள்!

கோபம் வந்தால் எப்படித் தெரியும்?

வால் உள்ள பூனையின் மனதை வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம். வால் கம்பு போல நிமிர்ந்தால், சந்தோஷம். வால் சடார் சடார் என்று அடித்தால், கோபம். வால் புஸ்ஸென்று பெருத்தால், பயம்.

வால் இல்லாத பூனையிடம் இந்தச் சாடை கிடையாது. அதோடு வாழ்கிறவர்கள் காதைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். காது முன்னால் நிமிர்ந்து இருந்தால் நல்ல மனநிலை. காது பின்னால் சாய்ந்து தலையோடு ஒட்டிக்கொண்டால், "கிட்டே வராதே" என்று அர்த்தம். கண்ணின் பாப்பா விரிவதும், மீசை முன்னே பாய்வதும், முதுகு கூனுவதும்கூட அதற்குப் பேச்சுத்தான்.

தூக்கும் முறையும் முக்கியம். ஒரு கை மார்புக்குக் கீழே. மற்றொரு கை பின்பக்கத்துக்குக் கீழே. பின்பக்கம் தொங்கும்படி தூக்கக் கூடாது. வால் இருக்கும் இடத்தைத் தட்டி விளையாடவும் கூடாது. அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே எலும்பின் முனையும் நரம்புகளும் இருக்கும். சில பூனைகளுக்குத் தொட்டாலே வலிக்கும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பது நல்லது.

குழிக்குப் பின்னே ஒரு துயரம்!

இதுவரை சொன்னது சிரிப்பும் விளையாட்டும். இனி வருவது, இந்தப் பூனையை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

வாலைக் குறைக்கும் அதே பிசகு, சில குட்டிகளுக்கு முதுகெலும்பையும் குறைத்துவிடுகிறது. "இந்த இடத்தோடு நில்" என்று அதற்குச் சொல்ல ஆள் இல்லை!

சில குட்டிகளின் முதுகுத்தண்டு சரியாக மூடாமலே இருந்துவிடும். பின்னங்கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் குடலுக்கும் போகும் நரம்புகள் கெட்டுவிடும். அப்படிப்பட்ட குட்டியால் பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து நடக்க முடியாது. இரண்டையும் சேர்த்து வைத்துத் தத்தித் தத்திப் போகும். சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாது. சில குட்டிகளுக்கு மலம் இறங்காமல் கட்டிக்கொள்ளும்.

பார்ப்பவர்கள், "அடடா, முயல் மாதிரி எவ்வளவு அழகாகக் குதிக்கிறது!" என்பார்கள். குட்டிக்கோ அது விளையாட்டு அல்ல, ஊனம்.

இந்தத் தொல்லை, பெரும்பாலும் பிறந்த சில மாதங்களுக்குள் வெளியே தெரிந்துவிடும். அதனால்தான் பொறுப்பு உள்ள வளர்ப்பாளர்கள், குட்டிக்கு 4 மாதம் ஆகும் வரை யாருக்கும் விற்பது இல்லை.

பிழைத்த குட்டியை வளர்ப்பது லேசான காரியம் அல்ல. சிறுநீர்ப்பை நிறைந்தாலும் அதற்குத் தெரியாது. வளர்ப்பவர் அதன் வயிற்றைப் பக்குவமாக அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தினமும் பல தடவை, வாழ்நாள் முழுவதும். இதை மிருக வைத்தியரிடம் நேரில் பழகிக்கொள்ள வேண்டும். தெரியாமல் அழுத்தினால் ஆபத்து. பின்பக்கத்தை அடிக்கடி வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தோல் புண்ணாகும். சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வரும்.

ஒரு நாள் வெளியூர் போவது என்றாலும், "பூனையை யார் பார்த்துக்கொள்வது?" என்ற கவலை வந்துவிடும். பக்கத்து வீட்டில் சோறு வைக்கச் சொல்லலாம். வயிற்றை அழுத்திவிடச் சொல்ல முடியுமா?

இத்தனைக்கும் மனம் சலிக்காமல், பல வருஷம் பூனையைக் காப்பாற்றும் குடும்பங்கள் உண்டு. வைத்தியர் கைவிரித்த குட்டிகளுக்கு, வேதனை நீங்க ஊசி போட்டு முடிவு கட்டிய குடும்பங்களும் உண்டு. இரண்டும் கஷ்டமான வழிகள்தான்.

பிறக்காமல் போகும் குட்டி!

தாய், தந்தை இரண்டுமே வால் இல்லாதவை என்றால் என்ன ஆகும்?

"குட்டிகள் எல்லாம் வால் இல்லாமல் பிறக்கும், நல்ல விலைக்கு விற்கலாம்" என்று கணக்குப் போடத் தோன்றும். அந்தக் கணக்கு தப்பு!

4 குட்டி உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக, ஒன்றுக்குத் தாயிடமும் தந்தையிடமும் நல்ல மரபணுவே கிடைக்கும். அது வாலோடு பிறக்கும். இரண்டுக்கு ஒரு நல்லதும் ஒரு பழுதும் கிடைக்கும். அவை வால் இல்லாமலோ குட்டை வாலோடோ பிறக்கும். மீதி ஒன்றுக்கு இரண்டுமே பழுதாக வந்து சேரும். அது பிறப்பதே இல்லை. தாயின் வயிற்றில், உருவம் கொள்ளும் முன்பே அழிந்துவிடும்.

அதனால்தான் வாலில்லாப் பூனைகள் இரண்டைச் சேர்த்தால் குட்டிகளின் எண்ணிக்கை குறைகிறது. அதனால்தான் எத்தனை தலைமுறை பார்த்துப் பார்த்துச் சேர்த்தாலும், வால் உள்ள குட்டி பிறப்பதை நிறுத்த முடியவில்லை.

வால் இல்லாத பூனையை, வால் உள்ள பூனையோடு சேர்த்தால் இந்தச் சாவு இல்லை. குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு வால் இருக்கும். நல்ல வளர்ப்பாளர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். அப்போதுகூட முதுகெலும்புத் தொல்லை வராது என்று உறுதி சொல்ல முடியாது. பழுதான மரபணு ஒன்றே ஒன்று இருந்தாலும், சில குட்டிகளுக்கு அந்தத் தொல்லை வரலாம்.

இதனாலேயே, "அழகுக்காக இந்த இனத்தைப் பெருக்குவது நியாயமா?" என்று மிருக வைத்தியர்கள் பலர் கேட்கிறார்கள். "பிறந்த பூனையை அன்பாக வளர்ப்பது வேறு, வால் இல்லாமல் பிறக்க வேண்டும் என்று சேர்த்துவைப்பது வேறு" என்பது அவர்கள் வாதம். "கவனமாகச் சேர்த்தால், ஆரோக்கியமான குட்டிகளைப் பெறலாம்" என்பது வளர்ப்பாளர்கள் வாதம்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் குழி உள்ள பூனைக்கு அதிக விலை கொடுக்கிறவர்கள், அந்தக் குழிக்கு இன்னொரு விலையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அந்த விலையைக் கொடுப்பது, குட்டி.

ஜப்பானில் வேறு கதை!

வால் குட்டையான பூனை மான் தீவில் மட்டும்தானா? இல்லை. கிழக்கு நாடுகளிலும் உண்டு.

ஜப்பானில் ஒரு பழைய நம்பிக்கை. பூனைக்கு வயதாகி வால் நீண்டுகொண்டே போனால், வால் இரண்டாகப் பிளந்துவிடுமாம். பிறகு அது பேயாக மாறி, இரண்டு காலில் நின்று ஆட்டம் ஆடுமாம்! குட்டை வால் பூனைக்கு இந்தப் பயம் இல்லை. அதனால் குட்டை வாலைத்தான் ஜனங்கள் விரும்பினார்கள். 1602-ம் ஆண்டில், "பூனைகளைக் கட்டிப்போடாதீர்கள். அவிழ்த்து விடுங்கள்" என்று கியோட்டோ நகரில் உத்தரவு போட்டார்கள். எலித் தொல்லையை ஒழிப்பதற்குத்தான்.

கடைகளில் ஒரு கையைத் தூக்கி வாடிக்கைக்காரர்களை வரவேற்கும் பூனைப் பொம்மையைப் பலர் பார்த்திருப்பார்கள். அதுவும் ஜப்பான் நாட்டுப் பூனைதான். அந்தப் பொம்மை பலவற்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், உருண்டையான குட்டை வால் இருக்கும்.

ஜப்பான் பூனையின் வால், முயலின் வால் போல ஒரு சிறு குஞ்சமாக இருக்கும். இதற்குக் காரணம் வேறொரு மரபணு. மான் தீவுப் பூனைக்கு வரும் அந்தக் கடுமையான முதுகெலும்புத் தொல்லை இதற்கு இல்லை. வெளியே பார்த்தால் இரண்டும் குட்டை வால். உள்ளே சங்கதி வேறு!

சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில்!

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்குக் குட்டை வால் பூனை புதுமையே அல்ல. தெருவில் திரியும் பூனைகளில் பலவற்றுக்கு வால் பாதிதான் இருக்கும். சிலவற்றுக்கு நுனி முடிச்சுப் போட்டது போல மடங்கி இருக்கும். தாய்நாட்டிலிருந்து போகிறவர்கள், "கதவில் நசுங்கிவிட்டது போலிருக்கிறது" என்று பரிதாபப்படுவார்கள். நசுங்கவும் இல்லை, நறுக்கவும் இல்லை.

பரிணாமக் கொள்கையைச் சொன்ன விஞ்ஞானி டார்வின், 1868-ல் வெளிவந்த தம் புத்தகத்திலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளுக்கு வால் பாதிதான் இருக்கிறது என்றும், நுனியில் பெரும்பாலும் முடிச்சு இருக்கிறது என்றும் அவர் எழுதினார்.

முடிச்சுக்கும் ஒரு கதை உண்டு. சயாம் நாட்டு இளவரசி குளிக்கப் போனாளாம். மோதிரங்களைக் கழற்றிப் பூனையின் வாலில் மாட்டினாளாம். மோதிரம் நழுவி விழாமல் இருக்கப் பூனை தன் வாலின் நுனியை மடக்கிக்கொண்டதாம். விசுவாசமான பூனை!

சிங்கப்பூரில் பெரும்பாலான ஜனங்கள் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறார்கள். 1989 முதல் அந்த வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. தடை இருந்தும் பூனைப் பிரியர்கள் சும்மா இருக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் ரகசியமாகப் பூனை வளர்ந்தது. 2024 செப்டம்பர் 1-ந்தேதி முதல் தடை நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம். ஆனால், உரிமம் வாங்க வேண்டும். அதுவரை ஒளிந்து வாழ்ந்த குட்டை வால்கள், இப்போது தைரியமாக ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன.

வாலைப் பிடித்து இழுக்காதே!

பிறக்கும்போது வாலோடு பிறந்து, பிறகு வாலை இழக்கும் பூனைகளும் உண்டு. கதவில் சிக்குவது, வண்டிச் சக்கரத்தில் மாட்டுவது, பிள்ளைகள் பிடித்து இழுப்பது ஆகியவை காரணம்.

வாலைப் பிடித்து இழுத்தால் வாலுக்கு மட்டும் வலி என்று நினைப்பது தவறு. வாலின் அடியில்தான் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் தொடங்குகின்றன. பலமாக இழுத்தால் அவையும் இழுபட்டுவிடும். பிறகு பூனையால் சிறுநீர் கழிக்க முடியாது. மான் தீவுக் குட்டிக்குப் பிறவியில் வரும் கஷ்டம், இந்தப் பூனைக்கு ஒரு நிமிட விளையாட்டால் வந்துவிடும்!

வால் உயிரில்லாமல் தொங்கினாலும், பூனை சிறுநீர் கழிக்காமல் முனகினாலும், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். செத்துப்போன வாலை அவர் அறுவைச் சிகிச்சை செய்து எடுத்துவிடுவார். நரம்பு அறுபடாமல் இருந்தால், அநேகமாகச் சில வாரங்களில் பூனை தேறிவிடும். புண் ஆறியதும் வாலில்லாமலே மதில் மேல் நடக்கக் கற்றுக்கொள்ளும். வாலைத் தேடி அது அழுவது இல்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

வால் இல்லாத குட்டியை எடுத்து வளர்க்க நினைப்பவர்கள், வாலைப் பார்ப்பதற்கு முன் நடையைப் பார்க்க வேண்டும். பின்னங்கால்களை மாறி மாறி வைத்து நடக்கிறதா? பின்பக்கம் ஈரம் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா? சிறுநீரும் மலமும் சரியாகப் போகின்றனவா? 4 மாதம் நிறைந்துவிட்டதா? தாய், தந்தையில் ஒன்றுக்காவது முழு வால் உண்டா?

இத்தனைக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால், குட்டியைக் கூடையில் வைக்கலாம். அதன் கூடப் பிறந்த, முழு வால் உள்ள குட்டியையும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது நல்லது. அதே குணம், அதே சேட்டை, அதே அன்பு அதற்கும் உண்டு. விலைதான் குறைவு!

மான் தீவின் மூன்று கால் சின்னத்துக்குக் கீழே ஒரு வாசகம் உண்டு. "எப்படித் தூக்கி எறிந்தாலும் நிற்கும்" என்பது அதன் பொருள். தீவைப் பற்றிச் சொன்ன அந்த வாசகம், தீவின் பூனைக்கும் பொருத்தம்தான்.

நிற்பதற்குப் பூனைக்கு வால் தேவை இல்லை. நல்ல முதுகெலும்பு தேவை. அதைக் கெடுக்காமல் இருப்பது, மனிதர்கள் கையில் இருக்கிறது.